தையல்காரரின் டேப்

"சர்க்கரை வரும் நிலை. இடுப்பைக் குறைத்தால் தப்பலாம்" என்று டாக்டர் எச்சரித்தும் எதிர்வீட்டுத் தையல்காரர் நடக்கவே இல்லை. கடை டேப்பால் அளந்து, "டாக்டர் அளந்ததுக்கு ரெண்டு இஞ்சு போச்சு!" என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டார்.

நேற்று மறுபரிசோதனை. அவரும் மனைவியும் கிளம்ப, துணைக்கு என்று நானும் ஒட்டிக்கொண்டேன். விஷயம் தெரிய வேண்டாமா?

நர்ஸ் அளந்தாள். இடுப்பு இறங்கவே இல்லை.

"என் டேப்பு பொய் சொல்லுமா?" என்று அவர் பையிலிருந்து அதை எடுத்து நீட்டினார்.

அவள் இரண்டு டேப்பையும் சேர்த்துப் பிடித்தாள். பல வருடம் இழுபட்டு அவருடையது நீண்டிருந்தது.

"நீங்க இளைக்கல அண்ணே, டேப்புதான் வளர்ந்திருக்கு."

ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை அவர் மனைவி அந்த டேப்பையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் சர்க்கரை நோய் வரல. நூலிழைதான் பாக்கி" என்றார் டாக்டர்.

இன்று காலை அவர் நடந்தார். பின்னாலேயே மனைவி, புது டேப்போடு.