‘ரி’ வரிசை

கலைமதி சூப்பர்வைசர் ஆன அன்று நான் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. வயிற்றெரிச்சல்தான், மறைப்பானேன்.

மொரப்பூர் பக்கம் இருக்கும் எங்கள் தையல் கம்பெனியில் நான் பதினோரு வருடமாகக் காலர் தைக்கிறேன். அவள் வந்து மூன்று வருடம். சூப்பர்வைசருக்கு இங்கிலீஷ் தெரிய வேண்டும் என்றார்கள். ஒரே மாதிரி ஆரம்பிக்கும் வார்த்தைகளை வரிசையாக எழுதி, பக்கத்தில் அர்த்தம் போட்டு என் மகள் ஒரு நோட்டு வைத்திருந்தாள். கம்பெனி பஸ்ஸில் அதைத்தான் மனப்பாடம் செய்தேன். ரிஜெக்ட் என்றால் கழித்துவிடு. ரிப்பேர் என்றால் சரிசெய். ரிமூவ் என்றால் எடுத்துவிடு. ரிடெய்ன் என்றால் வைத்துக்கொள்.

பெங்களூரிலிருந்து வந்த மேனேஜருக்குத் தமிழ் வராது. இன்டர்வியூவில் அவர் கேட்டதில் தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். கலைமதி எல்லாவற்றுக்கும் “எஸ் சார்” என்றாள். புரியவில்லை என்று வாயைத் திறந்து சொல்கிறவளுக்குத்தான் எங்கள் கம்பெனியில் மக்கு என்று பெயர். வேலை அவளுக்குப் போனது.

அதன் பிறகு மேனேஜர் தரும் காகிதங்களைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு என் மிஷினுக்கு வருவாள்.

“அமுதாக்கா, ரிவர்ஸ்னா இன்னாங்க்கா?”

“திருப்பிப் போடறது.”

எட்டு மாதம் சொல்லிக் கொடுத்தேன். சம்பளம் அவளுக்கு, அகராதி நான்.

போன திங்கட்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. பாத்ரூமில் இரண்டு நிமிடம் கூடிவிட்டது என்று எல்லார் முன்னாலும் என்னை அதட்டினாள். அரை மணி நேரத்தில் காகிதத்தோடு வந்து நின்றாள்.

“இனிமே எங்கிட்ட வராத. எஸ் சார் சொல்லத் தெரியுதில்ல? அர்த்தத்தையும் நீயே பாத்துக்க.”

முகம் சுண்டிப்போய்த் திரும்பினாள். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஓடிவந்தாள்.

“கோவப்படாதீங்கக்கா. உங்களுக்கு நல்லதுதான் பண்ணியிருக்கேன். லைன்ல நாலு பேர எழுதிக் குடுன்னு மேனேஜர் சொன்னாரு. மொத பேரு உங்களுதுதான். அன்னைக்கு உங்ககிட்ட காட்ட வந்ததும் இதுதாங்க.”

போனில் படம் பிடித்து வைத்திருந்தாள். மேலே ‘ரிட்ரென்ச்மென்ட்’ என்று இருந்தது. மகளின் நோட்டில் அந்த வார்த்தை இல்லை. ஆனால் போன வருடம் செக்கிங் பிரிவில் ஆறு பேரை வேலையைவிட்டுத் துரத்தியபோது சுவரில் ஒட்டிய தாளில் பார்த்திருக்கிறேன்.

“இது இன்னா லிஸ்டுன்னு அவர கேட்டியா?”

“எப்படிங்க்கா கேக்கறது? ரிவார்டு மாதிரி ஏதோன்னு நெனச்சேன். நல்லா தைக்கிறவங்களா பாத்து எழுதினேன்.”

“வேலையவிட்டு அனுப்பறவங்க லிஸ்டுடி இது!”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. காலையில் முதல் வேலையாக மேனேஜரிடம் உண்மையைச் சொல்லிவிடுவதாகச் சொன்னாள்.

“அர்த்தம் தெரியாம எழுதிட்டேன்னு இங்கிலீஷ்ல எப்படிங்க்கா சொல்றது?”

சொல்லிக் கொடுத்தேன். பஸ்ஸில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, மொரப்பூர் வரும்வரை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். பதினோரு வருட வேலை, மகளின் காலேஜ் எல்லாம் அந்த ஒரு வரியில் தொங்கியது.

வெள்ளிக்கிழமை காலை மேனேஜர் அறைக்குள் போனாள். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் அந்தக் காகிதத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார். அவள் வாயே திறக்கவில்லை. அவர் நீட்டிய பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

“தெரியாதுன்னு சொன்னா என்னையும் சேத்து அனுப்பிடுவாங்கக்கா. எனக்கும் வூட்டுல ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க.”

அறையத்தான் கை எழுந்தது. அவள் இடத்தில் இருந்திருந்தால் நானும் போட்டிருப்பேன் என்று அந்த நேரம் பார்த்துத் தோன்றித் தொலைத்தது. கை தானாக இறங்கிவிட்டது.