விலாங்குசல்லியை அழித்த விரல்

மன்னார் வளைகுடாவில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று ஐதராபாத் கச்சிபௌலியில் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு எனக்கே பாடம் எடுத்தார் வைத்தியநாதன். எங்கள் மேனேஜர். ஹப்சிகுடாவில் பிறந்து வளர்ந்தவர். விசாகப்பட்டினத்துக்கு டூர் போனபோது கடலைப் பார்த்திருக்கிறார். நான் தூத்துக்குடிக்காரி. என் அண்ணன் படகு ஓட்டுகிறான்.

அது 2007. மீனவர்கள் படகில் வைத்துக்கொள்ளும் ஜிபிஎஸ் கருவிக்குப் புதிய கடல் வரைபடம் தயாரித்துக்கொண்டிருந்தோம். செயற்கைக்கோள் படத்தைத் திரையில் போட்டு, கரையையும் தீவுகளையும் மவுஸால் கோடு இழுத்து எடுக்க வேண்டும். தண்ணீருக்கு மேலே தெரிவதுதான் தீவு. மற்றதெல்லாம் வெறும் கடல். இதுதான் விதி. இதை எழுதிய புண்ணியவான் ஒருநாளாவது படகில் ஏறியிருந்தால் அவர் காலில் விழத் தயார்.

தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் பக்கம் வரை கரையோரமாக வரிசையாகத் தீவுகள். சுற்றிலும் பவளப்பாறை. முத்துக்காகப் போர்த்துக்கீசியன் வந்தான், டச்சுக்காரன் வந்தான், இங்கிலீஷ்காரன் வந்தான். அள்ளிக்கொண்டு போக வந்தவன்கூட முத்துச்சிப்பி விளையும் பார் எது எங்கே கிடக்கிறது என்று ஆள் வைத்துத் தேடிக் குறித்துக்கொண்டான். பிறகு சுண்ணாம்புக்கென்று பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்தோம். வெளியிலிருந்து வந்தவன் இல்லை, நாமேதான். பாறை போனதும் அலை தீவுகளின் மண்ணை அரித்தது. விலாங்குசல்லித் தீவு தண்ணீருக்குள் போய்விட்டது. ஆனால் எங்கேயும் ஓடிவிடவில்லை. கொஞ்ச ஆழத்தில் அங்கேயேதான் கிடக்கிறது. மேலிருந்து பார்த்தால் கடல்தான் தெரியும்.

நான் அந்த இடத்தைச் சுற்றிக் கோடு இழுத்து, ஆபத்து என்று குறித்து வைத்தேன். வைத்தியநாதன் என் இடத்துக்கே வந்துவிட்டார்.

“சபீனா, இது என்ன? படத்துல தண்ணிதானே இருக்கு?”

“தண்ணிக்கு அடியில தீவு கெடக்கு சார். தட்டுனா படகு பொளந்துரும்.”

“ஹவ், ஒத்துக்கறேன். ஆனா கிளையன்ட் குடுத்த ஸ்பெக்ல இல்லையேம்மா. எக்ஸ்ட்ராவா ஒண்ணு இருந்தா கிளையன்ட் எரர்னு சொல்லுவான். நம்ம ரேட்டிங் போயிடும். நக்கோ, வேண்டாம். மீனவாளுக்குத் தெரியாத இடமா?”

“எங்க அண்ணனுக்குத் தெரியும். வெளியூர்ல இருந்து வந்து ஓட்டுதவனுக்கு யாரு சொல்லுவா?”

நான் பேசி முடிக்கவில்லை. குனிந்து, என் கீபோர்டில் டெலீட்டை அழுத்திவிட்டார். பவளம் வெட்டியவர்களுக்காவது வருஷக்கணக்கில் ஆயிற்று. இவருக்கு ஒரு விரல் போதுமாக இருந்தது.

அவர் முன்னாலேயே அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“அண்ணே, ஜிபிஎஸ்ஸுக்கு வரப்போற மேப்புல விலாங்குசல்லி இல்ல. அத நம்பி ஓட்டக் கூடாதுன்னு எல்லார்ட்டயும் சொல்லிரு.”

அண்ணன் எரிந்து விழுந்தான்.

“என்னட்டி இப்பம் வந்து சொல்லுத? சொன்னா எவன் கேப்பான்? என் தங்கச்சி ஐதராபாத்துல உக்காந்து போடுத மேப்பு, கண்ண மூடிட்டுப் போலாம்னு நாந்தான சங்கத்துல சொல்லிட்டுத் திரிஞ்சேன். போன வாரம் படகுல வேலைக்குச் சேந்த பயகூட அந்த ஜிபிஎஸ் வாங்கப் பேரு குடுத்திருக்கான்.”

வைத்தியநாதன் கை நீட்டினார்.

“போனை வை. கம்பெனி விஷயத்தை வெளியில சொல்றே? இன்னிக்கே சீட்டு கிழிஞ்சிடும், தெரியுமா?”

நான் ஸ்பீக்கரைப் போட்டேன். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

“அண்ணே, அதே தங்கச்சிதான் சொல்லுதான்னு சொல்லு. அவ போட்ட மேப்பு பொய்யி, அவள நம்பிப் போனா செத்துருவீங்கன்னு சங்கத்துல சொல்லு. என் பேரு நாறுனா நாறட்டும்.”