கவர்னரின் தூக்க நோட்டு

கம்பெனி கொடுத்த நோட்டைக் கவர்னர் வீட்டுக்குக் கொண்டுவந்த விதமே சரியில்லை. செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அதைத் தையல் மெஷின் மேல் விட்டெறிந்தார். பதினாலு நாள் அவர் எப்படித் தூங்குகிறார் என்று பெண்டாட்டி எழுதி, உறையில் போட்டு ஒட்டித் தர வேண்டுமாம். சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

கவர்னர் என்பது தொழிற்சாலையில் அவருக்கு வைத்த பெயர். இரும்பு உருக்கும் கொட்டகையில், கூரையை ஒட்டி ஓடும் கிரேனின் கூண்டில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். கொதிக்கும் இரும்புக் குழம்பு நிறைந்த கொப்பரையை ஆட்களின் தலைக்கு மேலாகத் தூக்கிப் போய், சொன்ன இடத்தில் அலுங்காமல் நிறுத்த வேண்டும். அதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். கீழே நிற்பவர்கள் அவரை அண்ணாந்து பார்த்துப் பழகியவர்கள். அவர் குனிந்து பார்த்துப் பழகியவர். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கூண்டிலிருந்து அவர் இறங்கியதில்லை.

வேறொரு தொழிற்சாலையில் கிரேன்காரர் ஒருவர் கண்ணயர்ந்து கொப்பரையைச் சாய்த்துவிட்டார். இரண்டு பேர் போனார்கள். அதிலிருந்து ஐம்பது வயது தாண்டிய கிரேன்காரர்கள் எல்லாருக்கும் இந்த நோட்டு. தூங்குகிறவனுக்குத் தன் தூக்கத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கம்பெனி டாக்டரம்மா கேட்டாராம். அதனால் பக்கத்தில் படுப்பவர் கையெழுத்தில்தான் இருக்க வேண்டும். கோளாறு தெரிந்தால் கூண்டு கிடையாது, கீழே ஸ்டோரில் உட்கார்ந்து கையுறை எண்ண வேண்டியதுதான்.

மற்ற கிரேன்காரர்கள் விவரமானவர்கள். பெண்டாட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்து, பதினாலு நாளையும் ஒரே மூச்சில் சொல்லி எழுதவைத்து, தாங்களே எச்சில் தொட்டு ஒட்டிவிட்டார்கள். கவர்னருக்கு அது கௌரவக் குறைச்சல். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில், சாமான் வாங்கும் சீட்டைத் தவிர அவள் எழுதிய எதையும் அவர் படித்ததில்லை. அந்தத் திமிர்தான் அவருக்கு வினையாக வந்தது. நன்றாக வரட்டும் என்று சொல்லத்தான் எனக்கும் தோன்றியது, அப்போது.

அவள் வீட்டிலேயே பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறவள். பதினோரு வருடத்துக்கு முன் ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. அதோடு அவள் தூக்கமும் போனது. கண்ணை மூடினால் நெஞ்சு திக்கென்று அடித்துக்கொள்ளும், எழுந்து உட்கார்ந்துவிடுவாள். ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, கெஞ்சிக் கூத்தாடி அவரையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனாள். டாக்டர் அவளைக் கேட்கவில்லை, அவரைப் பார்த்துக் கேட்டார். "நல்லா குறட்டை விட்டுத் தூங்குறா டாக்டர், வேலை செய்ய வணங்காம கதை கட்டுறா," என்றார் கவர்னர். இரவெல்லாம் அடித்துப் போட்டது மாதிரி தூங்கிய மனுஷன் சொன்ன சாட்சி. டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு ஆந்தை என்று பெயர் வைத்தார். அவருடைய தங்கையும் அவள் புருஷனும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பதினோரு வருடமாக அவள் ஆந்தைதான். இரவில் இமை ஒட்டாமல் படுத்திருப்பாள், பகலில் கண்ணெரிச்சலோடு மெஷினை மிதிப்பாள். ஊசி எத்தனை தடவை விரலில் ஏறியிருக்கிறது என்று அவளுக்கே கணக்கு மறந்துவிட்டது.

முதல் நாலு நாள் நோட்டில் உள்ளதை உள்ளபடி எழுதினாள். பத்து மணிக்குப் படுத்தார், ஆறு மணிக்கு எழுந்தார், இடையில் விழிப்பு இல்லை. பொய் சொல்வானேன், மனுஷன் அப்படித்தான் தூங்கினார்.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நாத்தனாரும் அவள் புருஷனும் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். சாப்பிட்ட கையோடு கவர்னருக்கு உற்சாகம் வந்துவிட்டது. சோபாவில் மல்லாந்து படுத்து, கண்ணை உருட்டி விழித்துக்கொண்டு, ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துத் தடவிக் காட்டினார். "இதான் நம்ம ஆந்தை, ராத்திரி ரெண்டு மணி," என்றார். நாத்தனாருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அந்தக் கை எதைத் தேடி வயிற்றுக்குப் போகிறது என்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். அவள் எழுந்துபோய் நாத்தனாருக்குத் தண்ணீர் எடுத்துவந்து கொடுத்தாள்.

மறுநாள் காலை நோட்டில் எழுதினாள்: இரவு இரண்டு மணிக்கு எழுந்து கதவுப் பக்கம் போனார். கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. கண் திறந்தே இருந்தது.

எழுதி முடித்தாள். இத்தனை வருடத்தில் இல்லாத ஒரு குளிர்ச்சி வயிற்றில் இறங்கியது. அடுத்த நாள் அவர் தூக்கத்தில் அழுததாக எழுதினாள். அதற்கடுத்த நாள், கையை நீட்டி எதையோ பிடித்து இழுப்பது போலச் செய்தார் என்று எழுதினாள். கிரேனில் விசைகளை இழுக்கும் கை அல்லவா, டாக்டரம்மாவுக்குப் புரியும். பாவாடை மடிப்புத் தைப்பவளுக்கு எது எங்கே உட்கார வேண்டும் என்பதைச் சொல்லித்தரவா வேண்டும்?

உறை போய்ச் சேர்ந்த நாலாம் நாள் கவர்னரைக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டார்கள். இன்னும் முப்பது நாள் நோட்டு, அதுவரை ஸ்டோர். வீட்டுக்கு வந்தவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. அவள் துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நடந்ததைத்தான் எழுதினேன் என்று மட்டும் சொன்னாள்.

அவர் நம்பவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வழி பார்த்தார். அன்று படுக்கும்போது, அவள் குளியலறையில் இருந்த நேரத்தில், அவள் பெட்டியிலிருந்தே ஒரு கருப்பு நூலை எடுத்துப் படுக்கையறைக் கதவு நிலையின் குறுக்கே முழங்கால் உயரத்தில் கட்டிவைத்தார். தான் எழுந்து போயிருந்தால் நூல் அறுந்திருக்க வேண்டும், அறாமல் இருந்தால் இவள் தொலைந்தாள். வெளியே வரும்போதே அவள் அதைப் பார்த்துவிட்டாள். நூலைக் கட்டி அவளையா ஏமாற்றுவது? காலில் படாமல் தாண்டி வந்து படுத்துக்கொண்டாள்.

குறட்டை ஏறியதும் எழுந்தாள். கத்தரி பக்கத்தில்தான் இருந்தது, எடுக்கவில்லை. வெட்டிய நூலுக்கு முனை மழுங்கியிருக்கும், இழுத்து அறுந்த நூலுக்குப் பிசிறு நிற்கும். முழங்காலால் நெட்டித் தள்ளி அறுத்தாள். பிறகு அவருடைய செருப்பில் ஒன்றை எடுத்து வாசல் கதவருகே வைத்துவிட்டு வந்தாள்.

காலையில் கவர்னர் அந்த நூலின் இரண்டு முனைகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. வாசலருகே கிடந்த ஒற்றைச் செருப்பையும் பார்த்துவிட்டு ஸ்டோருக்குப் போனார்.

அன்று மதியம் துணி வெட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே பாயில் சாய்ந்தாள். விழித்தபோது வெயில் சுவரை விட்டுப் போயிருந்தது. நாலு மணி நேரம். நெஞ்சு திக்கென்று அடிக்கவில்லை, கனவில்லை, ஒன்றுமில்லை. கன்னத்தில் பாயின் கோடுகள் பதிந்திருந்தன. அவற்றைத் தடவிப் பார்த்து அவள் சத்தம் போட்டு அழுதாள். பதினோரு வருடம் கழித்துத் திரும்பி வந்த தூக்கத்தை அவள் இனி யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அதன் பிறகு அவள் பொய் எழுதத் தேவையே இருக்கவில்லை. கவர்னர் தூங்கப் பயந்தார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருப்பார். தலை தொங்கும், உடனே அலறிக்கொண்டு எழுவார். கொப்பரை சாய்கிற கனவு. கீழே அண்ணாந்து நிற்கிறவர்கள் எல்லாம் அவருக்குத் தெரிந்த முகங்கள். ஒரு நாள் நிஜமாகவே எழுந்து நடந்து, சுவரில் நெற்றியை இடித்துக்கொண்டார். அவள் அதையும் நேரம் போட்டு எழுதினாள். எழுதிவிட்டு, அவர் ஸ்டோருக்குக் கிளம்பியதும் நிம்மதியாகப் படுத்துத் தூங்கினாள். இரவிலும் தூக்கம் வந்தது. அவர் அலறும்போது விழிப்பாள், பார்ப்பாள், திரும்பிப் படுப்பாள்.

முப்பது நாள் முடிந்ததும் கூண்டு இனி இல்லை என்று தாள் வந்துவிட்டது. கவர்னர் எட்டு கிலோ இளைத்திருந்தார். ஸ்டோரில் கையுறை வாங்க வருகிற பையன்கள், "கவர்னரே, முழிப்பா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள் என்பது நாத்தனார் மூலம் அவள் காதுக்கு வந்தது. அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இல்லை என்று நான் எழுதினால் அது பொய்.

அப்புறம் அவர் அவளிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். இரவில் அவள் விழித்திருந்து காவல் பார்த்தால்தான் தன்னால் கண்ணை மூட முடியும் என்றார். இரண்டு நாள் சரியென்று உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் கண் செருகிவிட்டது. அவர் அலறி எழுந்து, அவள் தூங்குவதைப் பார்த்து, சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினார். ஒரு வாரத்தில் அவளுக்குப் பழைய கண்ணெரிச்சல் வந்துவிட்டது. இப்படியே போனால் கிடைத்த தூக்கம் கைநழுவிவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது. அடித்தால் அடிக்கட்டும், வீட்டை விட்டுத் துரத்தினால் துரத்தட்டும் என்று துணிந்துவிட்டாள்.

"என்னங்க, அப்போ நீங்க தூக்கத்துல எழுந்திரிக்கவே இல்ல. முதல் நோட்டுல நீங்க எழுந்ததா, அழுததா இருந்தது அத்தனையும் பொய். நான்தான் எழுதினேன்," என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அந்த நூலு?"

"நான்தான் அறுத்தேன். செருப்பை எடுத்து வெச்சதும் நான்தான். உங்களுக்கு ஒரு வியாதியும் இல்ல. பயந்து பயந்துதான் இப்படி ஆயிட்டீங்க. படுத்துத் தூங்குங்க."

அறை விழும் என்று கழுத்தை இறுக்கிக்கொண்டாள். விழவில்லை. கவர்னர் எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாண நாளுக்கு அப்புறம் அந்தக் கை அப்படிப் பிடித்ததில்லை.

"நீ இப்படித்தான் சொல்லுவேன்னு டாக்டரம்மா கூண்டுலேருந்து இறக்கின அன்னிக்கே சொன்னாங்க. வீட்டு ஆளுங்க பாசத்துல மறைப்பாங்க, நோட்டுல இருக்கறத மட்டும் நம்புங்கன்னாங்க. எனக்காகப் பொய்க்காரிங்கற பேரக் கூட வாங்கிக்கத் தயாராயிட்ட பாரு."

"நான் சத்தியமா..."

"வேணாம். உனக்கு நான் பண்ணினதுக்கு நீ என்னை விட்டுட்டுப் போயிருக்கணும்." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "ராத்திரி மட்டும் எனக்காக முழிச்சிரு, போதும். உனக்குத்தான் தூக்கமே வராதே. பதினோரு வருஷமா நீ தலைபாடா அடிச்சுக்கிட்ட, நான்தான் மடையன், நம்பல. இப்ப நம்புறேன். சத்தியமா நம்புறேன்."

இந்த ஒரு வார்த்தைக்காக அவள் அன்று அந்த டாக்டர் முன்னால் கும்பிட்டு நின்றிருக்கிறாள். இப்போது எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லி யாரிடம் போய் நிற்பது என்று தெரியவில்லை.

கவர்னர் அவள் கையை விடாமலே படுத்துக்கொண்டார். சற்று நேரத்தில் மூச்சு சீரானது. அவளுக்கும் கண் சொக்கியது. நல்ல தூக்கம், கூப்பிட்டால் வந்து நிற்கிற தூக்கம், இமை மேலேயே உட்கார்ந்திருந்தது. தலை ஒருமுறை சரிந்தது. பிடித்திருந்த கை உடனே அவளை உலுக்கியது.

"முழிச்சிருக்கியா?"

"முழிச்சிருக்கேன்," என்றாள் அவள். மணி பத்தரைதான் ஆகியிருந்தது.