தங்கை வருவாள்

1

இந்தக் கதை ஒரு ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில் கிடைத்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தெரிந்தால் என்னைத் திருடி என்பீர்கள்.

கோட்டின் உள்துணி கிழிந்துபோயிருந்தது. கடைவளாகப் படிக்கட்டுக்கு அடியில் பழைய துணிகளைச் சரிசெய்து தரும் தையற்கடை ஒன்று இருக்கிறது. ஒரு மேசை, ஒரு இயந்திரம், போட்டுப் பார்க்க ஒரு திரை, அவ்வளவுதான். தையற்காரி என் கோட்டை உள்வெளியாகத் திருப்பிக்கொண்டிருந்தபோது, மேசைமேல் கவிழ்ந்து கிடந்த ரசீதுப் புத்தகத்தில் பென்சிலால் எழுதியிருந்ததைப் படித்தேன். ஆங்கில வாக்கியங்கள், தமிழ் எழுத்தில்:

ஐ வில் லீவ்.
ஐ ஆம் கோயிங் டூ லீவ்.
ஐ ஆம் லீவிங்.
தி பஸ் லீவ்ஸ் அட் சிக்ஸ்.

“யார் கிளம்புறாங்க?” என்று கேட்டேன்.

“யாரும் கிளம்பல. வீட்டுப்பாடம்.” வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்தாள். “நாம ‘போறேன்’னு ஒரே வார்த்தையில முடிச்சுக்கிறோம். இவங்களுக்கு எத்தனை பாருங்க. எப்ப முடிவு பண்ணினாங்கன்றதைப் பொறுத்து வினையே மாறுதாம்.”

தங்கையும் தானுமாக இருப்பதாகச் சொன்னாள். கோட்டுக்கு வெள்ளிக்கிழமை வரச் சொன்னாள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். [மீதி என் தையல். பிரிந்தால் அவளைக் குறை சொல்லாதீர்கள்.]

2

முதல் தொடக்கம்: “எதிர்காலம் என்பது மனிதன் தன் மொழியில்—” வேண்டாம். பேச்சுப்போட்டி வாசனை அடிக்கிறது.

இரண்டாவது: “தங்கைக்காகவே தன் வாழ்வை அவள்—” இதுவும் வேண்டாம். கதைக்குள் ஒரு தியாகி வந்து உட்கார்ந்துவிட்டால் மற்றவர்களுக்கு நாற்காலி கிடைக்காது.

மூன்றாவது: ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் மாடியில், செவ்வாயும் வியாழனும் மாலை ஆறு மணிக்கு, பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்பு நடந்தது. அக்கா (இனி தையற்காரியை இப்படித்தான் கூப்பிடப்போகிறேன், தங்கை கூப்பிடுவதுபோல) கடைசி வரிசையில் உட்காருவாள். வாடிக்கையாளர்களோடு பேசத்தான் படிக்கிறாளாம். அது பாதி உண்மை. வீட்டில் தங்கை ஃபோனில் ஆங்கிலத்துக்கு மாறும் ஒவ்வொரு முறையும், முகத்துக்கு நேரே ஒரு கதவு மெதுவாகச் சாத்தப்படுவதுபோல அவளுக்கு இருந்தது.

டீச்சர் பலகையில் ‘வில்’ என்று எழுதினாள்.

“வில்லு வந்துடுச்சு. அம்பு எங்க மிஸ்?” என்றார் கூரியர்க்காரர். அன்றிலிருந்து டீச்சருக்கு வில்லு மிஸ் என்று பெயர்.

“சிரிச்சது போதும், கேளுங்க. கதவு தட்டுற சத்தம் கேக்குது. அந்த நொடியில நீங்க முடிவு பண்றீங்க, ‘ஐ வில் ஓப்பன் இட்’. அதுதான் வில். நேத்தே மனசுக்குள்ள முடிவு பண்ணி வச்சிருந்தா கோயிங் டூ. இன்னொருத்தர்கிட்ட பேசி, தேதி குறிச்சு, ஏற்பாடெல்லாம் ஆயிடுச்சுன்னா, ‘ஐ ஆம் லீவிங்’. அப்புறம் அது உங்க கையில மட்டும் இல்ல.”

“அப்ப பஸ்ஸு?”

“பஸ்ஸுக்கு ஏதுங்க மனசு? அட்டவணைப்படி போகும்.”

“இவ்வளவும் யோசிச்சா இங்கிலீஷ்காரங்க பேசுறாங்க, மிஸ்?” இது அக்கா.

“யாரு யோசிக்கிறா? கலந்துகட்டித்தான் பேசுவாங்க. ஆனா காது குடுத்துக் கேட்டா, முடிவு எவ்வளவு தூரம் வந்திருக்குன்னு பெரும்பாலும் தெரிஞ்சுடும்.”

அக்கா அதைத் தனக்குத் தெரிந்த வழியில் பிடித்துக்கொண்டாள். வில் என்பது துணிமேல் சாக்பீஸ் கோடு, தட்டினால் போய்விடும். கோயிங் டூ, பெரிய பெரிய ஓட்டுத்தையல், இழுத்தால் பிரிந்துவிடும். லீவிங் என்றால் கத்தரி போட்டாயிற்று.

(அடிக்குறிப்பாக வர வேண்டியது: நாமும் இதில் லேசுப்பட்டவர்கள் இல்லை. வகுப்பின் நடுவே கூரியர்க்காரரின் ஃபோன் அடித்தது. “இதோ வந்துட்டேன் சார், வந்துட்டேன்” என்றார், நாற்காலியைவிட்டு அசையாமல். அதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னாள் மிஸ். “ஐ கேம்” என்றார். வகுப்பு சிரித்து அடங்க ஐந்து நிமிடம் ஆனது. வராதவர் வந்துவிட்டதாகச் சொல்லும் மொழி நம்முடையது. இன்னொன்றும் உண்டு: “சின்ன வயசில் அவள் என் மடியில்தான் தூங்குவாள்” என்கிறோம். தூங்குவாள் என்பது எதிர்கால வினை. நடந்ததோ இருபது வருடங்களுக்கு முன். வழக்கமாக நடந்ததையும் இனி நடக்கப்போவதையும் ஒரே பெட்டியில் மடித்து வைத்திருக்கிறோம். இதை நினைவில் வையுங்கள், கடைசியில் கேட்பேன்.)

3

தங்கை மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். வேறொரு நகரத்தின் கண் மருத்துவமனையிலிருந்து அவளுக்கு வேலைக் கடிதம் வந்திருந்தது. பதினான்காம் தேதி சேர வேண்டும். வருவதும் வராததும் சனிக்கிழமைக்குள் தெரிய வேண்டும்.

“போறியாடி?”

“பாக்கலாம்க்கா.”

பாக்கலாம் என்ற சொல்லுக்கு ஆளும் கிடையாது, நாளும் கிடையாது. அக்கா அந்த வாரம் முழுவதும் அதையே சாப்பிட்டாள். புதன்கிழமை பால்கனியில் துணி காயப்போட்டபடி தங்கை தோழியிடம் ஆங்கிலத்தில் பேசியபோது, “ஐ மைட் கோ” என்பது மட்டும் முழுசாகக் காதில் விழுந்தது. மறுநாள் வகுப்பில் கேட்டாள்.

“மைட்டுன்னா என்ன மிஸ்?”

“போனாலும் போவேன், போகாமலும் இருப்பேன்.”

“இதுக்கா இங்கிலீஷு? எங்க வீட்டுல தமிழ்லயே சொல்றாளே!”

4

சனிக்கிழமை காலை. தங்கை குளியலறையில் இருந்தாள். சாப்பாட்டு மேசையில் அவள் ஃபோன் அதிர்ந்து அதிர்ந்து விளிம்புக்கு நகர்ந்துவிட்டது. விழாமல் பிடித்த கையோடு அக்கா காதில் வைத்தாள்.

ஓர் ஆண்குரல், அவசரமான ஆங்கிலம். தங்கையின் பெயர், மருத்துவமனை என்ற சொல், பிறகு கேள்வி: “இஸ் ஷி கமிங்?”

உள்ளே தண்ணீர் நின்றது. தாழ்ப்பாள் அசைந்தது. அக்கா அதைப் பார்த்தபடியே, தெளிவாக, ஒரு பிழையும் இல்லாமல் சொன்னாள்:

“எஸ். ஷி இஸ் கமிங்.”

“குட், தேங்க்யூ,” என்றது குரல். அழைப்பு துண்டிக்கப்பட்டது.

தங்கை ஈரத்தலையோடு வந்தபோது மின்னஞ்சலும் வந்திருந்தது. தொலைபேசியில் உறுதி செய்ததற்கு நன்றி, பதினான்காம் தேதி சந்திப்போம்.

“என்னக்கா சொன்ன?”

“வர்றான்னு சொன்னேன். குளிச்சுட்டு வர்றா, அதைத்தான் சொன்னேன்!”

“குளிக்கிறதை எங்க சொன்ன நீ?”

“குளிக்கிறதுக்கு இங்கிலீஷ்ல என்னன்னு தேடுறதுக்குள்ள வச்சுட்டான்டி!”

தங்கைக்குச் சிரிப்பு வந்தது, பாதியிலேயே நின்றது. நாற்காலியில் உட்கார்ந்தாள். தலையிலிருந்து தண்ணீர் மேசையில் சொட்டியது.

“வரலைன்னு சொல்லத்தான் இருந்தேன்.”

“ஏன்?”

“ஏன்னா? நீ தனியா என்ன பண்ணுவ?”

“தைப்பேன். வேற என்ன பண்ணுவாங்க?”

“விளையாடாதக்கா.”

“நான் என்ன பச்சைக் குழந்தையா? என்னைச் சாக்கு வச்சு நீ இங்க உக்காந்துக்காத. அப்புறம் ஒருநாள் அதையே சொல்லிக் காட்டுவ.”

“நான் சொல்லிக் காட்டுவேனா?”

“நானே காட்டுவேன்டி, உன் இடத்துல இருந்தா.”

தங்கை ஃபோனைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தாள். மின்னஞ்சலுக்குப் பதில் எழுதவில்லை. மறுக்கவும் இல்லை.

5

இந்த இடத்தில்தான் எனக்கு என் பாத்திரத்தின்மேல் சந்தேகம் வந்தது. பின்னால் போய்ப் பாருங்கள். ‘இஸ் கமிங்’ என்றால் கத்தரி போட்டாயிற்று என்று அவளுக்குத் தெரியும். பாடம் நடந்து முடிந்துவிட்டது, வீட்டுப்பாடமும் எழுதினாள். மருத்துவமனை என்ற சொல்லும் காதில் விழுந்தது. அப்படியானால் அது வாய்தவறி வந்த ‘வர்றா’வா? தங்கை சொல்ல முடியாததைத் தானே வெட்டிக் கொடுத்ததா? அல்லது முதலில் ஒன்றாகக் கிளம்பி, வாக்கியம் முடிவதற்குள் இன்னொன்றாக—

தெரியவில்லை. எழுதியவளுக்கே தெரியாது என்றால் நம்பமாட்டீர்கள்.

முடிவு அ: பதின்மூன்றாம் தேதி தங்கை மருத்துவமனையை அழைத்து மறுத்துவிடுகிறாள். அக்கா கோபப்படுகிறாள்; உள்ளுக்குள் ஒரு— வேண்டாம். அந்த நிம்மதியை என்னால் பார்க்க முடியவில்லை.

முடிவு ஆ: பேருந்து நிலையம், கையசைப்பு. பஸ்ஸுக்கு மனசில்லை, ஆறு மணிக்குக் கிளம்பிவிடும். அழகாக இருக்கிறது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை கோட்டை வாங்கப் போனேன். உள்துணி புதிதாக இருந்தது. தையலுக்குள்ளே இரண்டு விரல் துணி மடித்து விட்டிருந்தாள்.

“எதுக்கு இவ்வளவு துணி உள்ள?”

“உடம்பு எப்படி மாறும்னு இப்பவே தெரியுமா? தேவைப்பட்டா பிரிச்சுக்கலாம்.”

அவளுடைய தங்கையைப் பற்றிக் கேட்க வாயெடுத்து, மூடிக்கொண்டேன். நான் கட்டிய கதையின் முடிவை அவளிடம் கேட்பது என்ன நியாயம்? தேதி பத்து. ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில் புதிய வாக்கியம் ஒன்றும் இல்லை.

ஆகவே இதோ கடைசி வாக்கியம். அதன் தொடக்கத்தில் இரண்டு விரல் இடம் விட்டிருக்கிறேன். ‘அப்போதெல்லாம்’ என்று போட்டால் ஒரு கதை, ‘இனிமேல்’ என்று போட்டால் வேறொரு கதை. வினையை மாற்ற வேண்டியதில்லை. நம் மொழி இரண்டையும் தாங்கும்.

______ ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் தங்கை வருவாள். செருப்பை வாசலிலேயே உதறிவிட்டு, “அக்கா, பசிக்குது” என்பாள்.