மசாக்கியின் மணப்பெண்

கல்யாணமாகாமல் செத்துப்போன பிள்ளைக்குக் கல்யாணப் படம் எழுதிக் கோயிலில் மாட்டுவது ஜப்பானில் யமகத்தா மலைப்பக்கத்து வழக்கம். அந்தப் படங்களை எழுதுகிறவர் ஜின்பெய். கைராசிக்காரர், கர்வத்துக்கும் குறைச்சல் இல்லை. இந்த வேலையில் ஒரே ஒரு விதிதான். உயிரோடு இருக்கும் யாருடைய முகத்தையும் ஜோடியாக வரையக் கூடாது. வரைந்தால் செத்தவன் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவான். தன் மணப்பெண்கள் எல்லாம் தன் மண்டைக்குள் பிறந்தவர்கள், எந்த ஊர் ஆபீசிலும் பதிவு கிடையாது என்று கோயில் பிக்குவிடமே பீற்றிக்கொள்கிற மனுஷன் அவர்.

கியோனோ அம்மாளின் மகன் மசாக்கி, இருபது வருடத்துக்கு முன் பைக்கில் போய் விழுந்து செத்தவன். அவனுக்குப் படம் எழுதித் தந்த நன்றிக்கு, அந்த அம்மாள் ஜூன் பிறந்தால் ஒரு பெட்டி செர்ரிப் பழத்தோடு வந்துவிடுவாள். இந்த வருடம் அவளுக்குக் கதவைத் திறந்தது ஜின்பெயின் மகள் நவோ. வெளியூரில் வேலை பார்ப்பவள், விடாத காய்ச்சலோடு வீட்டுக்கு வந்து ஒரு வாரமாகியிருந்தது.

கியோனோ அம்மாளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"எப்பம்மா வந்த? மசாக்கியும் கூட வந்திருக்கானா?"

பாவம், வயதாகிவிட்டது என்று நவோ சிரித்தாள். உள்ளே இருந்த ஜின்பெய்க்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று சாப்பிடும்போது நவோ சாதாரணமாகத்தான் கேட்டாள். "அப்பா, என் செருப்ப தினம் நீங்களா எடுத்து வைக்கிறீங்க? நான் கழட்டி எறிஞ்சது எறிஞ்சபடி கிடக்கும். காலைல பாத்தா வாசலப் பாத்து, கிளம்ப ரெடியா, ஜோடியா இருக்கு." அவர் அந்தச் செருப்பைத் தொட்டதே இல்லை. ஆமாம் என்று பொய் சொல்லிவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் வண்ணப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கியோனோ அம்மாளையும் கூட்டிக்கொண்டு மலையேறினார். மழை விட்டிருந்தது. பாசி பிடித்த படிகளின் இரண்டு பக்கமும் தேவதாரு மரங்கள், ஒரு பறவைச் சத்தம் இல்லை. கோயில் மண்டபத்தில் மசாக்கியின் படத்துக்கு முன்னால் போய் நின்றார். மசாக்கியின் பக்கத்தில் வெள்ளைக் கல்யாணக் கிமோனோவில் உட்கார்ந்திருப்பது அச்சு அசல் நவோ. அவர் எழுதியபோது நவோவுக்கு நாலு வயது. கன்னம் உப்பிய குழந்தை, வளர்ந்து இந்த முகமாகும் என்று யாருக்குத் தெரியும்? அதுகூடப் போகட்டும். போன பனிக்காலத்தில் நவோ வழுக்கி விழுந்ததில் தாடையில் ஏற்பட்ட தழும்பு, இருபது வருடத்துக்கு முந்தைய படத்தில் இருந்தது. சத்தியமாக அவர் வரையவில்லை.

முகத்தை அழித்துவிடுகிறேன் என்று அவர் சொன்னதும் கியோனோ அம்மாள் குறுக்கே வந்து நின்றாள்.

"உங்க பொண்ணு உங்களுக்கு வேணும், புரியுதுங்க. ஆனா என் புள்ளையத் தனியா விட்டுறாதீங்க. இத்தன வருஷம் கழிச்சு அவன் எங்க போய்த் தேடுவான்?"

வேறொரு முகத்தைக் கற்பனையில் வரையலாமே என்று பிக்கு மெல்லச் சொன்னார். ஜின்பெய் தலையை ஆட்டி மறுத்தார். இதுவும் கற்பனைதானே? அடுத்தது எந்த வீட்டுக் குழந்தையோ, இன்னும் பிறக்காத யாரோ! செத்துவிட்டாள் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு பெண்ணின் முகம் வேண்டும். அடுத்தவர் வீட்டில் போய் அதைக் கேட்க முடியுமா? அவருக்கென்று இருந்தது ஒரே ஒருத்தி. நவோவுக்கு இரண்டு வயது ஆகும் முன்பே, இருபத்தாறு வயதில் போய்ச் சேர்ந்த அவருடைய மனைவி சுமியே.

மத்தியானம் வரை எழுதினார். கண்ணீர் மறைத்தபோதெல்லாம் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். இவ்வளவு அழகாகவா இருந்தாள் என்று இருந்தது. கடைசியில் மசாக்கியின் குடும்பப் பெயரோடு சேர்த்து அவள் பெயரையும் தன் கையாலேயே எழுதினார்.

வீட்டிலிருந்து நவோ போன் செய்தாள். காய்ச்சல் விட்டுவிட்டதாம், பசிக்கிறதாம்.

கியோனோ அம்மாள் மாப்பிள்ளை வீட்டு முறைப்படி தரையில் நெற்றி பட வணங்கினாள். "எங்க வீட்டுப் பொண்ணா வச்சுப் பாத்துக்குறோம். நீங்க கவலைப்படாதீங்க."

ஜின்பெயும் எதிரே மண்டியிட்டு, பெண்ணைக் கொடுத்தவராய்த் தலை குனிந்தார்.

"அவளுக்கு இருட்டுன்னா பயம்ங்க. விளக்க அணைக்க வேணாம்னு பையன்கிட்ட சொல்லுங்க."