நீலம் கொஞ்சம் தூக்கலா

என் பேர் வெள்ளையம்மாள். எனக்குப் பிடிக்காத நிறம் வெள்ளை. இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

தொட்டியத்திலிருந்து திருச்சி வரகனேரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளாக, இந்த வீட்டில் நான் எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை. அறுபத்தாறாம் வருஷம்தான் நெல் மூட்டை அடுக்கிய இருட்டு அறையைக் காலி செய்து, சுவரை உடைத்து, பெரிய ஜன்னல் வைத்து எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் என்று ஒதுக்கினார்கள். அப்போது கேட்டேன். அந்த அறைக்கு நீலம் அடிக்க வேண்டும். திருவெறும்பூர் ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் என் சிநேகிதி ரஷீதாவின் வீட்டுச் சுவர் நீலம். வெயிலில் அலைந்து போய் அதற்குள் நுழைந்தபோது, முகம் கழுவியது போல இருந்தது. அன்றிலிருந்து அந்த நீலம் என் மண்டையில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

மாமனார் சோற்றில் கை வைத்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

"நீலமா? அது முடிவெட்டுற கடைக்கு அடிக்கிறதும்மா. நம்ம வீட்டுக்கு வெள்ளைதான்."

"அப்பாகிட்ட நான் பேசுறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு வெற்றிலை வாங்கப் போன என் வீட்டுக்காரர், அடுத்த சாப்பாட்டு வேளைக்குத்தான் தலையைக் காட்டினார்.

மாமனார் பேர் மருதை. அவருக்கு காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி. வாழைக்கறை பட்டால் துணி கிழிகிற வரைக்கும் போகாது. அந்தத் தொழிலில் இருந்துகொண்டு, காலையில் வெள்ளை வேட்டியோடு போய் சாயங்காலம் ஒரு பொட்டுக் கறை இல்லாமல் திரும்பி வருகிறவர் அவர் ஒருத்தர்தான். பெருமை அவருக்கு, துவைத்து நீலம் போட்டு அலசுகிற வேலை எனக்கு. அதுவும் கொஞ்ச காலமாக ரொம்பப் படுத்தினார். "வேட்டி மஞ்சளா இருக்கேம்மா, நீலம் கொஞ்சம் தூக்கலா போடு" என்பார். போடுவேன். மறுபடியும் "தூக்கலா" என்பார். எனக்குக் கோபம் வந்து, இந்தா பிடி என்று நீலப்பொடி டப்பாவையே வாளியில் கவிழ்ப்பேன். அவர் நடந்து போனால் தெருவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. ஆனால் அவரிடம் சொல்ல ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை. அவர் வாய் அப்படி.

வெள்ளையடிக்க செபஸ்தியான் வந்தார். சுண்ணாம்பு பளிச்சென்று தெரிவதற்காக அதில் ஒரு சிட்டிகை நீலம் கலப்பது எங்கும் உள்ள வழக்கம். முதல் பூச்சு காய்ந்ததும் மாமனார் வந்து பார்த்தார்.

"என்ன செபஸ்தியான், மஞ்சளடிச்சுக் கிடக்கு? நீலம் போடலையா?"

"போட்டிருக்கேங்க."

"எங்க போட்ட? இன்னும் கொஞ்சம் தூக்கலா போடு."

இரண்டாவது பூச்சில் சுவர் லேசாக நீலம் காட்டியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இப்பவும் பத்தல. தாராளமா போடுப்பா. நீலத்துக்கு என்ன பஞ்சமா?"

செபஸ்தியான் என்னைப் பார்த்தார். நான் உத்தரத்தைப் பார்த்தேன். அடுத்த பூச்சு காய்ந்தபோது என் அறை ரஷீதா வீட்டைத் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி நீலமாக நின்றது.

மனிதர் இரங்கிவிட்டார் என்று நினைத்தேன். சரி என்று சொல்ல வீம்பு விடவில்லை, அதனால் வெள்ளை வெள்ளை என்று சொல்லிக்கொண்டே எனக்கு நீலம் அடித்துக் கொடுக்கிறார். இத்தனை நாள் அவரைத் திட்டியதற்கெல்லாம் சேர்த்து சேமியா பாயசம் வைத்தேன். முந்திரியில் கஞ்சத்தனம் பண்ணவில்லை.

பாயசத்தை அந்த அறையில் உட்கார்ந்துதான் குடித்தார்.

"பாத்தியா? வெள்ளைன்னா இது வெள்ளை. கொக்கு மாதிரி."

"ஆமா மாமா, கொக்கேதான்" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. வேட்டி நுனியைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "இதுவும் இந்தச் சுவரு மாதிரி வரணும். இன்னும் மஞ்சளாத்தான் இருக்கு." பிறகு டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்தார். திட்டு ஒரு சாண் தள்ளி இருந்தது. மிச்சப் பாயசம் தரையெல்லாம் ஓடியது.

இரக்கமும் இல்லை, விளையாட்டும் இல்லை. அவருக்குக் கண் தெரியவில்லை.

அடுப்படியில் வைத்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பயந்துதான் போனார். ஆனாலும் தலையைச் சொறிந்துகொண்டு, "கண்ணு சரியாச்சுன்னா உன் சுவரு போயிருமே" என்றார். அவரை நன்றாகத் திட்டினேன். உண்மையில் அந்த நினைப்பு அவருக்கு முன்னால் எனக்கே வந்துவிட்டது. அந்த ஆத்திரத்தில்தான் அவருக்கு அவ்வளவு திட்டு. திட்டி முடித்த கையோடு கூடத்துக்குப் போனேன்.

"மாமா, உங்க வேட்டி நீலம்."

"என்னது?"

"சுவரும் நீலம். வெள்ளை இல்ல. உங்க கண்ணுல புரை விழுந்திருக்கு, அதான் எல்லாம் மஞ்சளாத் தெரியுது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

கத்துவார் என்று தயாராக நின்றேன். அவர் வேட்டியை மெதுவாகத் தடவினார்.

"இதோடயா நான் மார்க்கெட்டுக்குப் போய் வந்துக்கிட்டிருந்தேன்?"

"ஆமா மாமா."

அவர் கத்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஆபரேஷன் முடிந்து, கட்டுப் பிரித்து, சோடாபுட்டிக் கண்ணாடியோடு வீட்டுக்கு வந்தார். நீலம் போடாமல் துவைத்த வேட்டி கட்டியிருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றியதும் நேராக என் அறைக்குத்தான் போனார். ஜன்னல் வெயில் சுவரில் விழுந்திருந்தது. நின்றார், நின்றுகொண்டே இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"செபஸ்தியான வரச் சொல்லியிருக்கேன் மாமா. வெள்ளை அடிச்சிரலாம்."

அவர் சுவரில் உள்ளங்கையை வைத்தார்.

"இது போயிரும்னு தெரிஞ்சுதானே என்கிட்ட சொன்ன?"

முந்தானையைத் தேடினேன்.

"வரட்டும் செபஸ்தியான். கூடத்துக்கும் அடிக்கணும்" என்றார். "நீலம் கொஞ்சம் தூக்கலாவே போடச் சொல்லு. வேட்டிக்கு மட்டும் வேணாம்."