பூகம்பக் கொத்தனார்

தெருவில் அவருக்கு வைத்த பெயர் பூகம்பக் கொத்தனார். முப்பது வருடத்துக்கு முன்னால் அவர் கட்டிய சுவர் இடிந்து விழுந்ததில் சொந்தத் தம்பியே போய்விட்டான். "பூமி ஆடுச்சு, அதான் விழுந்துச்சு" என்று அன்றைக்குச் சொன்னவர் இன்றுவரை மாற்றிச் சொன்னதில்லை. ஊர் சும்மா இருக்குமா? டீக்கடைக்குப் போனால், "கிளாஸைக் கெட்டியாப் பிடிங்கப்பா, பூகம்பம் வருது" என்று கிண்டல். தம்பி மனைவி கிண்டல் செய்யவில்லை. அன்றோடு அவர் வீட்டுப் படி மிதிப்பதை விட்டுவிட்டாள்.

கடற்கரையோரம் உணரப்பட்ட பழைய நில அதிர்வுகளைத் தொகுக்கும் அலுவலகத்தில் அவருடைய மகளுக்கு வேலை. அப்பாவுக்காகத்தான் அந்த வேலைக்கே போனாள். துறைமுகக் கடிதம், பழைய பத்திரிகை என்று தூசியும் தும்மலுமாகக் கிடந்தவளுக்கு, கடைசியில் கலங்கரை விளக்கக் காவலர் ஒருவரின் குறிப்பில் சுவர் விழுந்த அந்தத் தேதி அகப்பட்டது. 'காலையில் நிலம் அதிர்ந்தது.'

தலைகால் புரியவில்லை அவளுக்கு. முழுசாகப் படிக்கும் முன்பே அப்பாவுக்குப் போன் போட்டாளே, அதுதான் தப்பு. வீட்டுக்கு வந்தால், முப்பது வருடமாகப் படி மிதிக்காத சித்தி கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அப்பா சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டிருந்தார்.

"படிம்மா. உங்க சித்தி காதால கேக்கட்டும்."

மிச்சத்தை மகள் பஸ்ஸிலேயே படித்திருந்தாள். முதல் வரியை மட்டும் படித்தாள்.

சித்திக்குக் கண் நிறைந்துவிட்டது. "நெஜமாவே ஆடுச்சா மாமா? நான் உங்கள என்னென்ன பேசிட்டேன்..."

மனுஷன் இத்தோடு விட்டிருக்கலாம். ஆசை யாரை விட்டது?

"எவ்வளவு ஆடுச்சுன்னு எழுதியிருப்பாரே. மேல படி."

"அவ்வளவுதாம்பா."

"காகிதம் நெறைய எழுதியிருக்கு, அவ்வளவுதாங்கிற. படி."

படித்தாள். 'தொங்கிய விளக்கு லேசாக ஆடியது. தூங்கிய குழந்தை எழவில்லை. கிண்ணத்தில் இருந்த பால் சிந்தவில்லை.'

கொத்தனாருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

"பால்கூடச் சிந்தலையா?" என்றார்.

சித்திக்கும் புரிந்துவிட்டது. ஆனால் அவள் அதட்டியது மகளைத்தான். "போதும், மடிச்சு வை அதை. ஆடுச்சு மாமா. ஆடுச்சுன்னுதான எழுதியிருக்கு? விடுங்க."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் இத்தனை காலம் ஏங்கினார். இப்போது அது அவர் காதில் ஏறவே இல்லை.

"உப்பைக் கழுவிட்டுச் சுவருக்குப் போட்டா கடல் மணலும் நிக்கும்னு நெனச்சேன்" என்று தனக்குள் முனகினார். திடீரென்று முகம் வெளிறிப்போய் சித்தியை ஏறிட்டார். "நீ இருக்கிற வீடும் அந்த வருஷம் நான் கட்டினதுதாம்மா. அதே மணல். பேரப்புள்ளைங்க எங்க படுப்பாங்க?"

சித்தி எழுந்து நின்றுவிட்டாள்.

"சுவரோரமாத்தான்" என்றாள்.